கணவாயில் நின்ற கழுதை

எங்கள் கொலராடோ மலையூரில் ஜூலை பிறந்தால் கழுதை ஓட்டம். கழுதையைக் கயிற்றில் பிடித்தபடி கணவாய்வரை ஓடித் திரும்ப வேண்டும். ஏறிச் சவாரி செய்யக் கூடாது. கழுதைக்குத்தான் முதல் தண்ணீர். கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது, மிரண்டால் தரதரவென்று இழுத்துப் போய்விடும். இதெல்லாம் இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

என் பக்கத்து வீட்டு வெண்டல் ஹாஸ்கம்ப் சுரங்கத்தில் உழைத்து ஓய்வுபெற்றவர். எழுபதைத் தாண்டியும் ஓட்டத்தை விடவில்லை. மனைவி லொரெட்டா தவறிப்போன பிறகு குளிர்காலம் முழுக்க அரிசோனாவில் மகள் வீட்டில் இருப்பார். அந்த வருஷம் வெயில் காலம்வரை அங்கேயே தங்கிவிட்டு, ஓட்டத்துக்கு முந்தின நாள்தான் வந்து இறங்கினார். கீழே சமவெளியில் கிடந்த உடம்பு மெலிந்த மலைக் காற்றுக்குப் பழக நாளாகும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "நான் இங்க பொறந்தவன், மார்லிஸ். மலைக்கு என்னைத் தெரியும்" என்று சிரித்தார். எங்கள் ஊர்க் கிழடுகள் அத்தனை பேருக்கும் இந்தத் திமிர் உண்டு.

மரங்கள் முடிந்து வெறும் பாறை தொடங்கும் இடத்தில் நான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேகமே இல்லை, பாறை கொதித்தது. வெண்டல் கழுதையோடு வந்து சேர்ந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அந்த வெயிலில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. ரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிடும் மாத்திரை வேறு உடம்பின் தண்ணீரையெல்லாம் சிறுநீராக இறக்கிவிடும். நான் நீட்டியதை அப்படியே கழுதை ஜூனிப்பருக்குக் கொடுத்தார்.

"யோவ், நீ குடிய்யா. ஓடினது போதும், உக்காரு."

"எனக்கு லொரெட்டா கொண்டு வர்றா. அதோ, மேல நிக்கிறா பாரு."

அவர் காட்டிய இடத்தில் பாறைதான் இருந்தது. லொரெட்டாவைப் புதைத்தபோது நானும் ஒரு பிடி மண் போட்டவள். ஆனால் ஜூனிப்பரின் காதுகள் இரண்டும் அந்தப் பக்கமே திரும்பி நின்றன.

அவர் மேலே இழுத்தார். ஜூனிப்பர் நாலு காலையும் ஊன்றி நின்றது. கழுதை நின்றால் பிடிவாதம் என்று பின்னாலிருந்து தள்ளுவது எங்கள் வழக்கம். பின்னால் வந்த இரண்டு பேர் கேலி பேசிக்கொண்டே தள்ளவும் செய்தார்கள். அதுவோ மெல்லத் திரும்பி இறங்கத் தொடங்கியது. பழக்கதோஷம், அவர் விரல்கள் கயிற்றை விடவில்லை. தள்ளாடியபடி பின்னாலேயே போனார். நான் ஓடிப் போய்த் தோளைத் தாங்கிக்கொண்டேன். வழியெல்லாம் மேலே பார்த்து, இதோ வந்துடறேன், இதோ வந்துடறேன் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே வந்தார்.

கீழே ஆம்புலன்ஸில் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கயிற்றை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார் என்றார் டாக்டர். வெயிலும் உயரமும் சேர்ந்தால் மூளை கண்டதையும் காட்டும் என்றார். நம்பினேன்.

இப்போது அவர் ஓடுவதில்லை. சாயங்காலம் ஜூனிப்பரோடு வேலியோரம் நடப்பார். நேற்று பார்த்தால், கயிற்றை மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றியிருக்கிறார். புத்தி கெட்டுப்போச்சா உனக்கு என்று சத்தம் போட்டேன்.

"இன்னும் கூப்பிடறா, மார்லிஸ். கயித்தை விட்டுடுமோன்னு என் கையை நம்ப முடியல."

ஜூனிப்பரின் காதுகள் கணவாய்ப் பக்கம் திரும்பியிருந்தன.