சூடத்தட்டும் மஞ்சள் பெட்டியும்

கண்டி முனிசிபல் ரோட்டு வேலையில் இருந்தேன். தொழிலாளர் சங்கத்திலும் இருந்தேன். ஹந்தானைக்கு ஏறும் வழியில் எங்கள் மாரியம்மன் கோயில். வெள்ளிக்கிழமை பூசைக்குச் சூடத்தட்டு பிடிப்பதும் நான்தான். இரண்டும் ஒன்றோடொன்று முட்டும் என்று அந்த எலக்சன் வரும்வரை நினைக்கவில்லை.

எழுத்துத் தெரியாதவர்களுக்காக அப்போதெல்லாம் எலக்சனில் நிற்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் வோட்டுப்பெட்டி வைப்பார்கள். கோர்ட்டில் வாதாடும் அப்புக்காத்து ஐயாவுக்கு மஞ்சள், எதிர்த்து நின்றவருக்குச் சிவப்பு. வேலைநிறுத்தம் அவருக்குப் பிடிக்காது. பேசி வாங்கு, பிள்ளையைப் படிக்க வை, சொந்தமாக ஒரு துண்டுக் காணி தேடு என்பார். அது எனக்குச் சரியென்று பட்டது. சங்கத்தில் கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டேன்.

அவருக்காக ஆள் சேர்த்த துணிக்கடை முதலாளி கோயிலுக்கு வந்தார்.

“வர்ற வெள்ளிக்கிழமை ஒங்க சங்கத்து ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வாங்க. மஞ்சப் பெட்டிக்குத்தான்னு ஒவ்வொருத்தரும் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும்.”

“என் வோட்டு ஐயாவுக்குத்தான் முதலாளி. சத்தியத்துக்குத் தட்டு பிடிக்க மாட்டேன்.”

“எப்படியும் போடப் போறீங்க. சத்தியம் பண்ணினா என்ன கொறஞ்சு போகும்?”

எனக்கு ஒன்றும் குறையாது. ஆனால் ஒருவன் மனம் மாறி வேறு பெட்டியில் போட்டுவிட்டு, மறுமாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், அம்மா கேட்டுவிட்டாள் என்று நடுங்குவான். அந்த நடுக்கத்தை என் கையால் கொடுக்க மாட்டேன் தாயே என்று அங்கேயே கும்பிட்டேன்.

மறுநாள் வேலைக்கு முன்பே அப்புக்காத்து ஐயா வீட்டுக்குப் போனேன். கதிரையைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

“ஐயா, எங்க வோட்டு வேணும்னா நீங்களே வந்து கேளுங்க. முதலாளி கேக்குற மாதிரி சூடத்துல சத்தியம் வாங்க அம்மாவ நடுவுல இழுக்காதீங்க.”

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். “உங்கட கூட்டம் எத்தினை மணிக்கு?” என்று கேட்டார்.

ஞாயிறு காலை சங்கக் கூட்டத்துக்குத் தனியாக வந்தார். என்னோடு கல் உடைக்கும் கூட்டாளி எழுந்தான்.

“வேலைய நிறுத்தினா முனிசிபல் வாசல்ல எங்க பக்கம் நிப்பீங்களா?”

“நிக்க மாட்டன். நிப்பன் எண்டு சொன்னால் பொய். ஆனா சங்கத்தில சேர்ந்ததுக்காக ஒருத்தரை வேலையால நிப்பாட்டினால், அவருக்காகக் கோர்ட்டில நான் பேசுவன்.”

“மத்தவங்க மொதல்ல ஆமாம்பாங்க, அப்புறம் ஆளக் காணோம். இவரு இல்லைன்னு ஆரம்பிக்கிறாரு,” என்றான் கூட்டாளி. சிரித்தார்கள். கலைந்து போகவில்லை.

அப்படியும் முதலாளி விடவில்லை. வெள்ளிக்கிழமை பூசையில், எல்லோர் முன்னாலும் ஒரு கட்டிச் சூடத்தை என் தட்டில் வைத்து, “சத்தியத்துக்கு” என்றார். எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். கோயில் சூடத்தைக் கொளுத்தினேன்.

“இது அம்மாவுக்கு. யாரும் அணைக்க வேணாம்.”

ஒவ்வொருவராய்த் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். கூட்டாளி கடைசியாக வந்தான்.

“மஞ்சளா செவப்பான்னு கேக்க மாட்டியா மச்சான்?”

“கேக்க மாட்டேன். ஒத்திக்கிட்டுப் போ, சூடம் அணையப் போகுது.”

எலக்சன் அன்று என் சீட்டை மஞ்சளில் போட்டேன். அவன் எதில் போட்டான் என்று இன்றுவரை கேட்கவில்லை.