காசிமேட்டில் ஒரு மால்டாக்காரர் கல்லறை

கடல் கடந்து வந்து இங்கே செத்துப்போனவர்களின் கல்லறைகளைத் தேடி அலைகிறவர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்று தெரியும். படமெடுக்க எப்படிப் போவது, என்ன செலவாகும் என்றெல்லாம் கேட்டு எழுதுகிறார்கள். நான் போனது 1971 அக்டோபரில், கல்லறைத் திருநாளுக்குப் பத்து நாள் முன்பு. நல்ல மழைக்காலம். அந்தப் பயணத்தைப் பற்றிப் பேச இன்றைக்கும் எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் உங்களுக்கு உபயோகப்படும் என்பதால் எழுதிவிடுகிறேன்.

அப்போது நான் திருச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தில் குமாஸ்தா. மால்டா என்று மத்தியதரைக் கடலில் ஒரு தீவு, நம் மெட்ராஸைப் போல இரண்டு மடங்குதான் இருக்குமாம். அந்தத் தீவின் வரலாறு, மொழி, பண்பாடு இவற்றைப் பரப்புவதற்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் இருந்தது. அவர்களுடைய ஆங்கிலப் பத்திரிகை எங்கள் நூலகத்துக்கும் வரும். நான்தான் பிரித்து அடுக்குவேன். ஒரு இதழில் ஓர் அறிவிப்பு: அந்நியத் துறைமுகங்களில் இறந்த மால்டா மாலுமிகளின் கல்லறை எழுத்தைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பினால், அங்குள்ள மாதாகோயில் பதிவேடுகளைத் தேடி அவர்களுடைய ஊரையும் உறவையும் கண்டுபிடித்துத் தருவோம்.

எனக்கு உடனே ஆரோக்கியசாமி நினைவு வந்தது. ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வேளாங்கண்ணித் திருவிழாவில் பழக்கம். அவருடைய அப்பா மால்டாக்காரர், கப்பலில் கரி தள்ளுகிற வேலை. காய்ச்சலில் இங்கே இறக்கிவிடப்பட்டு, பிழைத்து, ராயபுரத்துப் பெண்ணைக் கட்டி, இரண்டு பிள்ளை பெற்று, அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். ஊரில் அவர் பெயர் மால்டாக்கார சூசை. பிள்ளைகள் நம் வழக்கப்படி சூசையை முதலெழுத்தாகப் போட்டுக்கொண்டார்கள். அங்கே வழிவழியாக வருகிற குடும்பப் பெயர் இங்கே யாருக்குத் தேவைப்பட்டது? கல்யாணம், அடக்கம் இரண்டு பதிவிலும் 'சூசை, கப்பல் வேலை' என்பதோடு சரி. முழுப்பெயர், ஊர், தகப்பன் பேர் எல்லாம் கூட இருந்த மாலுமிகள் காசு போட்டு வெட்டி வைத்த கல்லில் மட்டும்தான். குழாயடிச் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் 'அப்பன் ஊர் பேர் தெரியாததுங்க' என்பதில் வந்து முடியுமாம். அந்தச் சொல்லுக்கு ஒரு பதில் வேண்டும் என்பது ஆரோக்கியசாமிக்கும் அவருடைய அக்கா பிலோமினாவுக்கும் உயிராசை.

நான் ஆரோக்கியசாமிக்குப் பத்து பைசா கார்டு ஒன்று போட்டேன். கல்லறையைப் படமெடுத்து அனுப்பினால் அப்பா ஊர் தெரியவரும் என்று சொல்லி, தேதியைச் சொல்லி, கடைசியில் ஒரு வரி எழுதினேன். அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து எழும்பூருக்கு ராத்திரி வண்டி, மூன்றாம் வகுப்பு, ஒன்பது ரூபாய் சொச்சம். காலை ஆறே முக்காலுக்கு இறங்கினேன். மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன், இருபது பைசா. அங்கிருந்து ராயபுரம் மாதாகோயில் தெருவுக்கு சைக்கிள் ரிக்‌ஷா, இரண்டரை கிலோமீட்டர், வழக்கமான கூலி ஒன்றே கால் ரூபாய். ரிக்‌ஷாக்காரர் ஒன்றரை கேட்டார், முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்துப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டேன். கல்லூரியில் கெஞ்சி வாங்கிய கேமராவைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு போனேன். உள்ளே பன்னிரண்டு படம் எடுக்கிற ஒரு சுருள்.

வீட்டில் இட்லி, வஞ்சிரக் குழம்பு. பிலோமினா அக்கா துறைமுகக் கேன்டீனில் வேலை செய்பவர், அன்றைக்கு எனக்காக லீவு போட்டிருந்தார். ஒன்பதரைக்கு மூன்று பேரும் காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம், இருபது நிமிஷம். மழை விட்டிருந்தது. மீன் வாடையும் கரித்தூளும் கலந்து மூக்கை அடைத்தன.

தூரத்திலேயே அக்கா கை நீட்டிக் காட்டினார். தோட்டத்திலேயே அதுதான் பளிச்சென்று இருந்தது. புதுச் சிமெண்டுப் பூச்சு, அதன்மேல் வெள்ளையடித்து, நீலப் பெயிண்டில் தமிழில் 'சூசை, மால்டா'. நான் சுற்றிச் சுற்றி வந்தேன். வேறு எழுத்து எங்கேயும் இல்லை.

"அக்கா, பழைய எழுத்து எங்கே?"

"கல்லு பூரா பாசி புடிச்சு கலீஜா இருந்திச்சி சார். நீங்க கார்டு போட்டீங்கல்ல, படம் புடிக்க வரேன், கல்லறைய சுத்தமா வைங்கன்னு. அதான் ஆள வச்சி நல்லா பூசிட்டோம். அயகா கீதில்ல?"

ஆம், நான் எழுதிய கடைசி வரி அதுதான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கல்லறைத் திருநாள் சமயத்தில் ராயபுரத்தில் போய் 'கல்லறையைச் சுத்தம் செய்யுங்கள்' என்றால் பூச்சும் வெள்ளையும் என்றுதானே அர்த்தம்? வருஷா வருஷம் செய்கிற வேலை. எனக்காக இந்த வருஷம் கொஞ்சம் கூடுதலாகச் செய்திருக்கிறார்கள்.

அந்தப் பழைய எழுத்தைத்தான் படமெடுக்க வேண்டும் என்று சொன்னேன். ஆரோக்கியசாமி உடனே, பூச்சைப் பேர்த்தால் எழுத்து கிடைக்கும் என்று என்னை இழுத்துக்கொண்டு கொத்தனார் வீட்டுக்குக் கிளம்பினார். திருவொற்றியூர் தேரடி வரை பஸ், இருபத்தைந்து பைசா. அங்கிருந்து எர்ணாவூருக்கு மூன்று கிலோமீட்டர் நடை. வழி முழுக்க ஆலைப் புகை மழை ஈரத்தில் மேலே போகாமல் தலைக்கு மேலேயே நின்றது. எழுத்து யாருக்காவது நினைவில் இருக்கிறதா என்று கேட்டேன். கல்லில் இருப்பதை எதற்கு சார் மனப்பாடம் பண்ணணும் என்றார். நியாயம்தான். 'எழுதி அனுப்புங்கள்' என்று நானாவது கேட்டிருக்கலாம்.

கொத்தனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தார்.

"கொத்தாம பூசனா மொதோ மயைக்கே பேத்துக்கினு வந்துரும் சார். சாவு வூட்டு வேல, ஏமாத்தக் கூடாதுன்னு கல்லு பூரா ஒயுங்கா கொத்திட்டுதான் பூசனேன்."

அரைக் கூலிதான் வாங்கியிருந்தார், கல்லறை என்பதற்காக. யாரைக் கோபித்துக்கொள்வது? அவரே உளியைத் தூக்கிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினார். நாலரை மணிக்கு ஒரு முழ அகலத்துக்குப் பூச்சைப் பேர்த்தார். அடியில் கல் முழுக்க உளிக்குழி. ஆரோக்கியசாமி மண்டி போட்டு விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கோடுகூட மிச்சமில்லை.

"வுடு நைனா," என்றார் அக்கா தம்பியிடம். "நம்ம கையாலயே அயிச்சிட்டோம்."

கொத்தனார் இருட்டுவதற்குள் திரும்பப் பூசிவிட்டார். நான் ஒரே ஒரு படம் எடுத்தேன். மிச்சம் பதினொன்றும் அப்படியே திருச்சிக்குத் திரும்பின.

அந்த ஒரு படத்தையும் தெரிந்த விவரத்தையும் மையத்துக்கு அனுப்பினேன், இரண்டு மாதத்தில் பதில் வந்தது. ரொம்ப மரியாதையான கடிதம். நம் சூசைதான் அங்கே ஜோசப், அவர்கள் தீவில் ஜோசப் இல்லாத தெருவே கிடையாதாம். குடும்பப் பெயரோ ஊரோ தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று வருத்தப்பட்டிருந்தார்கள். குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லித் துறைமுகப் படம் ஒன்றையும் வைத்திருந்தார்கள். அதை ராயபுரத்துக்கு அனுப்பினேன். அடுத்த வருஷம் போனபோது அக்கா அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். படத்தில் மலைச்சரிவு முழுக்க வீடுகள். இதில் எது அப்பா வீடு என்று கேட்டார். தெரியவில்லை அக்கா என்றேன். அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் தாங்கவில்லை.

போகிறவர்களுக்கு: மழைக்காலத்தைத் தவிருங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது கல்லெழுத்து நன்றாகத் தெரியும். நோட்டும் பென்சிலும் கொண்டுபோய், படமெடுத்தாலும் எழுத்தைக் கையாலும் பிரதி எடுங்கள். வீட்டாருக்கு முன்கூட்டியே கடிதம் போடுவதாக இருந்தால், கல்லறையைத் தொடாதீர்கள், பாசியோடு அப்படியே இருக்கட்டும் என்று எழுதுங்கள். நான் சுத்தமாக வையுங்கள் என்று எழுதினேன். அவர்கள் வைத்தார்கள்.