ரப்பர் மரத்துக்குள் அக்காவின் கண்கள்

மலேயாவின் மெர்போக் ரப்பர் தோட்டத்தில் நாங்கள் பாலெடுக்க மரம் சீவுவதை வெள்ளைக்காரத் துரையின் மனைவி எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தாள். படத்தில் என் பக்கத்தில் அக்கா நின்றாள். துரையை எதிர்த்துப் பேசியதற்காக அக்காவைத் தோட்டத்தைவிட்டே விரட்டினார்கள். படத்திலும் அவள்மேல் ஒரு ரப்பர் மரத்தை வரைந்து மறைத்தாள் துரைசாணி.

பல வருடம் கழித்து, பங்களா வேலைக்குப் போன நான் அந்தப் படத்தைத் துடைத்தேன். மரத்துக்குள்ளிருந்து அக்காவின் கண்கள் என்னைப் பார்த்தன! அலறிவிட்டேன்.

ஓடிவந்த துரைசாணிக்கும் முகம் வெளிறிப்போனது. தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "இது பேர் பெந்திமெந்தோ. மேல பூசின சாயம் நாளாக நாளாக மெலிஞ்சிடும். அடியில உள்ளது தெரியும். பயப்படாத, மறுபடி பூசிடுறேன்."

"பூசுங்கம்மா. அவ மறுபடியும் வருவா."

அப்படிச் சொன்னது என் வாய்தானா? இன்றும் திகைப்பு அடங்கவில்லை.