டிராக்டருக்குப் போன மேடைப்பேச்சு

அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகு, நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர் கோர்ட்டுக்கு எங்கள் பழைய காரை ஓட்டியது நான்தான். ஒரு வேலி நிலத்துக்கு, கிட்டத்தட்ட ஏழு ஏக்கருக்கு, குத்தகை வழக்கு. நிலம் எங்கள் பெயரில் இருந்தது. அதில் கால் வைக்கும் உரிமை குத்தகைக்காரரிடம் இருந்தது. சட்டம் அப்படி.

அந்தச் சமயத்தில் தேர்தல் வந்தது. ஆளுங்கட்சிக்காரர்கள் பிரச்சாரத்துக்குக் கார் கேட்டார்கள். வீட்டுக்குள் அவர்களைத் திட்டிய அப்பா, வாசலுக்குப் போய்ச் சிரித்தபடி சாவியைக் கொடுத்தார். தேர்தல் முடிந்து கார் வந்தபோது டேப் செட்டுக்குள் ஒரு மேடைப்பேச்சு கேசட் மாட்டிக்கொண்டிருந்தது. வெளியே வரவில்லை. இன்ஜின் ஓடினால் பேச்சும் ஓடியது. சத்தத்தைக் குறைக்கும் குமிழையே காணோம்.

"உழுபவனுக்கே நிலம்!" என்றது செட். கைதட்டல்.

"ஒயரைப் பிடுங்கு" என்றார் அப்பா. பிடுங்கினேன். ஹாரன் நின்றுபோனது. பேச்சு நிற்கவில்லை.

மறுநாள் வாய்தா. ஹாரன் இல்லாமலே வழி கிடைத்தது. பேச்சைக் கேட்டு எல்லாரும் தாமாகவே ஒதுங்கினார்கள். கோர்ட்டு வளாகத்துக்குள் அதே முழக்கத்தோடு நுழைந்தோம். வாசலில் நின்ற குத்தகைக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு அருகில் வந்தார்.

"என்னம்மா, ஐயா மனசு மாறிட்டாங்களா?"

அப்பா கண் தெரியாததுபோல் வேறு பக்கம் பார்த்தார். எங்கள் வக்கீல், "இத முதல்ல சரி பண்ணுங்க, ஜட்ஜு காதுல விழுந்துடப்போவுது" என்றார்.

திரும்பும் வழியில், வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்து நீடாமங்கலத்தில் ரேடியோ கடை போட்டிருந்த பாயிடம் போனோம். அவர் செட்டைத் தட்டிப் பார்த்தார்.

"கதவு இறுகிக்கிச்சுங்க. உடைச்சாத்தான் கேசட்டு வரும், செட்டும் போயிடும். புதுசு ஒண்ணு இருக்கு. ஆனா உங்க குத்தகைக்காரரு சொல்லி வச்சிருக்காரு. மருமகன் சவூதியிலேருந்து பணம் அனுப்பி டிராக்டர் வாங்கியிருக்காருல்ல, அதுக்கு."

"டிராக்டருக்கு எதுக்கு பாய் பாட்டு?" என்றார் அப்பா.

"காருக்கு எதுக்குங்க பிரச்சாரம்?"

அப்பா கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். பாய் ஆள் அனுப்ப, குத்தகைக்காரர் டிராக்டரிலேயே வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டவர் யோசிக்கவே இல்லை.

"புதுச ஐயாவே எடுத்துக்கட்டும். அந்தப் பழசை எனக்குக் குடுத்துடுங்க."

"அதுல பாட்டு வராதுய்யா" என்றார் அப்பா. இரண்டு வருஷ வழக்கில் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

"வேணாங்க. அந்தப் பேச்சே போதும்."

அன்று சாயங்காலமே செட்டுகள் இடம் மாறின. அடுத்த வாரம் முழுக்க, வழக்கில் இருந்த அதே வயலில் டிராக்டர் உழுதது. பேச்சு ஊர் முழுக்கக் கேட்டது. அப்பா ஜன்னலைச் சாத்தச் சொன்னார். பிறகு வாய்தாவுக்குப் போகும்போதெல்லாம் காரில் சினிமாப் பாட்டு ஓடியது. அம்மாப்பேட்டை தாண்டியதும் அப்பா தொடையில் தாளம் போடுவார். நான் பார்த்தால் நிறுத்திவிடுவார்.

கடைசியில் தீர்ப்பு வரும்வரை இருவருக்கும் பொறுமை இல்லை. நிலத்தை ஆளுக்குப் பாதி என்று சமரசம் பேசி, பாய் கடையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பிறகு அப்பா ஊரெல்லாம், "நானா மனசு வந்து குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குத்தகைக்காரர் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.