அப்பா போடாத கையெழுத்து

எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். சிடுமூஞ்சி என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதை அப்பாவிடம் காட்டியதை நினைத்தால்தான் இன்றும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது. இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அனுப்புமுன் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, தேதியிட்டு, ஃபைலில் வைத்துவிடுவார். பார்க்கின்சன் வந்த பிறகு அந்தக் கையெழுத்து வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே போனது. கை நடுங்குவதைவிட அதுதான் அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

கணவர் தவறிய பிறகு நான் தருமபுரத்து வீட்டுக்கே திரும்பி வந்திருந்தேன். அந்த வருடமே ஒரு காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அப்பா பேனாவைத் தாளில் ஊன்றியபடி உட்கார்ந்திருக்கிறார், முதல் எழுத்தே நகரவில்லை.

“குடுங்கப்பா இப்படி! ஒரு கையெழுத்துக்கு ஒரு யுகமா?”

பிடுங்கி நானே போட்டேன். பள்ளிக்கூட நாளில் ரேங்க் கார்டில் அவர் கையெழுத்தைத் திருட்டுத்தனமாகப் போட்டுப் பழகிய கை. அச்சு அசலாக வந்தது. அப்பா ஜெராக்ஸ் எடுக்க மட்டும் ஞாபகப்படுத்தினார். அடுத்த மூன்று வருடமும் அவரிடம் பேனாவைக் கொடுக்கவே இல்லை. இதற்கிடையே அவருக்கு மறதியும் சேர்ந்துகொண்டது.

சென்ற மாதம் இந்த நோயை ஆராயும் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். நோயாளிகளின் பழைய எழுத்தை வருடவாரியாகப் பார்க்கிறார்களாம். எழுத்து எப்படிச் சிறுக்கிறது, மறதி எப்போது கூடுகிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம். அப்பா முகத்தைப் பார்க்கணுமே! அவள் மறுபடி வரும்வரை நாலு நாளாக அந்த ஃபைலை மடியைவிட்டு இறக்கவில்லை.

“எனக்கு இனிமே என்னம்மா ஆவப்போவுது. பின்னாடி வர்றவங்களுக்காவது உதவட்டும்,” என்றார்.

அவள் வந்து ஜெராக்ஸ்களை மேசையில் வரிசையாகப் பரப்பினாள். எழுத்து சிறுத்து, சிறுத்து, எறும்பளவாகி, பிறகு திடீரென்று நிமிர்ந்து நின்றது.

“ஐயா, இந்த வருஷத்துலேர்ந்து எழுத்து நல்லாயிருக்கே! மருந்து ஏதும் மாத்துனாங்களா?”

அப்பா குனிந்து பார்த்தார். நான் போட்டது அவருக்குச் சுத்தமாக நினைவில்லை.

“மருந்தெல்லாம் அதேதாம்மா. அந்த வருஷந்தான் எம் மக எங்கூட வந்துச்சு. பக்கத்துலயே இருந்து பாத்துக்குதுல்ல, அதான். எழுதிக்கம்மா.”

அவள் எழுதிக்கொண்டாள். நான் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றேன். சீ, என்ன பிறவி நான்!

அவள் ஃபைலை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பும்போதுதான் வாசலுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். “அந்தக் கடைசி நாலும் நான் போட்டதும்மா.”

அவள் திட்டியிருந்தால் தேவலை. ஃபைலைத் திறந்து நாலு தாளையும் உருவி என்னிடம் கொடுத்தாள்.

“சொன்னீங்களே, அதுவரைக்கும் நல்லதுதான், அக்கா. ஆனா மறதி கூடுனது இந்த நாலு வருஷத்துலதான். இந்த வருஷங்களோட எழுத்துதான் எங்களுக்கு முக்கியமா வேணும். இனிமே இது எங்கேயும் கெடைக்காது.”

தாள்களோடு உள்ளே வந்தேன். அப்பா பார்த்துவிட்டார்.

“ஏம்மா திருப்பிக் குடுத்துட்டாங்க? என் கையெழுத்து நல்லால்லியாமா?”

நான் போட்டது என்று சொல்லாமல் தாள்களை நாலாக மடித்தேன்.

“பேனாவக் குடும்மா, இப்ப திருத்தமாப் போட்டுத் தர்றேன். அந்தப் பொண்ணப் போவச் சொல்லாத.”

ஸ்கூட்டி தெருமுனை தாண்டிப் போய்விட்டது. பேனா தேடுகிற சாக்கில் உள்ளறைக்குப் போய் நின்றுகொண்டேன். வெகுநேரம் கழித்து எட்டிப் பார்த்தபோதும் அப்பா கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார்.