இடது கால் செருப்பு

அவிநாசி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியில் தேநீர் குடிக்கிறேன். என் குறிப்பேட்டு அட்டையில் ஒட்டியிருக்கும் ப்ளூஸ் ராக் இசைக்குழுவின் படத்தைப் பார்த்ததும் கடைக்காரர் சலீம் கல்லாவை விட்டு எழுந்து வருகிறார்.

"ஏனுங்க, இந்தப் பசங்க கோயமுத்தூர் கல்யாண மண்டபத்துல வாசிச்சப்ப நானும் இருந்தனுங்க!"

நானும் இருந்தேன். அன்று வந்தவர்களின் பட்டியலை ஆறு வருடமாக எழுதி வருகிறேன். மண்டபத்தில் இருந்தவை இருநூறு நாற்காலிகள். வந்ததாகச் சொன்னவர்கள் முந்நூறைத் தாண்டிவிட்டார்கள்.

"என்ன கிழமை?"

"சனிங்க."

கச்சேரி நடந்தது ஞாயிறு. அவர் பெயருக்கு அருகே கேள்விக்குறி போடுகிறேன்.

"போலீஸ் ஸ்டேசனாட்டம் கேக்கறீங்க! கரண்ட் போயும் பாடுன அந்தப் புள்ள பாட்டை நிறுத்தலீங்க. இன்னும் காதுலயே நிக்குது."

அதைக் காணொளியில் யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். கேள்விக்குறியை அழுத்தி எழுதுகிறேன்.

சலீம் உள்ளே போய்ச் செய்தித்தாள் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து பிரிக்கிறார். "வாசல்ல கழட்டுன செருப்புல இடது கால் மட்டும் கூட்டத்துல மாறிப்போச்சுங்க. ஆரோடதோ இது. அந்த நாள் ஞாபகமா வெச்சிருக்கறனுங்க."

பழுப்பு நிற இடது கால் செருப்பு. வாரில் நீல நூல் தையல், என் கையால் போட்டது.

"இது என்னுடையது" என்கிறேன்.

சலீம் அதை மறுபடி சுற்றுகிறார். "இப்படித்தானுங்க நாலு பேர் சொல்லிப்போட்டாங்க. வலது காலைக் கொண்டாங்க, பாக்கலாம்."

எல்லாவற்றையும் பத்திரப்படுத்தும் நான், ஒற்றையாக மிஞ்சிய அந்த வலது செருப்பை மறுநாளே குப்பையில் போட்டுவிட்டேன்.