மார்க் எடுத்த பிள்ளை

அவுஸ்திரேலியர்கள் தங்களுடைய கால்பந்தைத் திரும்பவும் கடல் கடந்து எங்கேயோ கொண்டுபோய் ஆடிக்காட்டப் போகிறார்களாம். விளையாட்டை உலகெங்கும் வளர்ப்பதற்காக என்று செய்தியில் போட்டிருந்தது. வாசித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அவர்கள் வளர்த்த இலட்சணம் எனக்குத் தெரியும். மொன்றியலில் அதை வளர்த்த கோடையில் நானும் மைதானத்தில் நின்றவள்தான். சரியாகச் சொன்னால், ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

அப்போது நாங்கள் மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில் இருந்தோம். எனக்குப் பதினொரு வயது. அம்மாவின் தம்பி, என் மாமா, மெல்பேர்னில் ஒரு விளையாட்டுக் கழகத்தில் வேலை பார்த்தார். அங்கிருந்து இரண்டு அணிகள் வந்து ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் ஒரு காட்சிப் போட்டி ஆடுவதாக ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முன்னால் உள்ளூர்ப் பிள்ளைகளைத் திரட்டிப் பழக்கி, இடைவேளையில் ஒரு சின்ன ஆட்டம் ஆடவைக்க வேண்டும். மொன்றியலில் இந்த விளையாட்டு வேர்விட்டுவிட்டது என்று பார்க்கிறவர்கள் நம்பவேண்டும் அல்லவா? மாமாவை அதற்காகத்தான் முன்கூட்டியே அனுப்பினார்கள். அவர் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் வந்து இறங்கினார், ஒரு பை நிறைய முட்டை வடிவப் பந்துகளோடு.

அந்த விளையாட்டில் பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம். இரண்டு முனையிலும் நாலு நாலு கம்பங்கள். நடுக்கம்பங்களுக்கு இடையில் உதைத்தால் ஆறு புள்ளி. குறி தவறி ஓரத்தால் போனாலும் ஒரு புள்ளி உண்டு. தவறவிட்டவருக்கும் புள்ளி கொடுக்கிற வழக்கத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. ஒருவர் தூர உதைத்த பந்து நிலத்தில் படுமுன் பாய்ந்து பிடித்தால் அதற்குப் பெயர் மார்க். மார்க் எடுத்தவரை அதன்பிறகு யாரும் மறித்து விழுத்த முடியாது. நின்று, மூச்சு வாங்கி, ஆறுதலாக உதைக்கலாம். முன்னால் நிற்பவரின் முதுகில் முழங்காலை ஊன்றி ஏறிப் பிடித்தாலும் குற்றமில்லை. நாங்கள் பழகிய பூங்காவில் என்னைவிட உயரமான ஒரு ஹெயிட்டியப் பையன் இருந்தான். அவன் முதுகில் ஏறி எத்தனையோ பந்துகளைப் பிடித்திருக்கிறேன். அவன் ஒருநாளும் கோபித்ததில்லை. வீட்டிலும் பள்ளியிலும் எப்போதும் யாராவது என்னை ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த உயரத்தில் மட்டும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பொம்பிளைப் பிள்ளை, முழங்காலெல்லாம் காயம், பிரெஞ்சுப் பாடம் வேறு கிடப்பில் கிடக்கிறது. முதல் கிழமையோடு நிறுத்திவிடுவது என்று தீர்மானித்திருந்தார். அன்று இரவு இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார்:

"அக்கா, உங்கட மகள் என்ன மாதிரி மார்க் எடுக்கிறாள் தெரியுமே? அங்கத்தைய பிள்ளையளுக்கே இப்பிடி வராது."

அம்மாவின் கரண்டி சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. எல்லாரையும் விடக் கூடவா என்று கேட்டார். எல்லாரையும் விடக் கூடத்தான் என்றார் மாமா. அவர் பொய் சொல்லவில்லை. அம்மாவின் காதில் விழுந்தது வேறு, அவ்வளவுதான். விளையாட்டோடு சேர்த்து வகுப்பும் சோதனையும் வைக்கிறார்கள், அதில் மகள் முதலாவதாக வருகிறாள் என்று அம்மா முடிவுகட்டிவிட்டார். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவருக்கு மார்க் என்றால் வேறென்ன?

அதற்குப் பிறகு எனக்கு ராசயோகம்தான். பயிற்சிக்குப் போகும்போது போத்தலில் எலுமிச்சைச் சாறு வந்தது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிற மாமிமார் எல்லாருக்கும் செய்தி போனது. போட்டியன்று அவர்களில் பாதிப்பேர் கட்லட், ரோல்ஸ் சகிதம் எங்களோடு லொங்குய்க்குப் புறப்பட்டார்கள். பரிசளிப்பு இருக்கும் என்று அம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தார்.

மைதானத்தில், மேசையொன்றில் நெஞ்சில் 'மொன்றியல்' என்று எழுதிய சின்னச் சட்டைகள் அடுக்கியிருந்தன. என் அளவை நான் தூரத்திலிருந்தே பார்த்து வைத்துக்கொண்டேன். அப்போது அகலத் தொப்பி போட்ட ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து மாமாவிடம் ஏதோ குசுகுசுத்தார். மாமாவின் முகம் சுருங்கியது. சட்டைகள் எங்களுக்கு இல்லையாம். அணிகளோடு மெல்பேர்னிலிருந்து வந்த அதிகாரிகளின் பிள்ளைகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் ஆடப்போகிறார்களாம். நேரடி ஒளிபரப்பு, பந்து அடிக்கடி கீழே விழுந்தால் பார்க்க வடிவாயிராதாம்.

எங்களுக்கும் வேலை இருந்தது. அணிகள் ஓடிவரும்போது கிழித்துக்கொண்டு வருவதற்கென்று கடதாசியில் வீட்டுக்கூரை உயரத்துக்குப் பதாகை செய்வார்கள். அதைத் தாங்கும் கம்புகளை நாங்கள் பிடிக்கவேண்டும். ஆற்றுக் காற்று வேறு. சட்டையைப் பற்றிப் பேந்து பாப்பம் என்று மாமா முணுமுணுத்தார். எதைப் பார்ப்பது? வீரர்கள் கடதாசியைக் கிழித்துக்கொண்டு ஓடினார்கள். கிழிந்த துண்டுகளை நாங்கள் பொறுக்கினோம். இடைவேளையில், இதோ மொன்றியலின் நாளைய வீரர்கள் என்று ஒலிபெருக்கியில் பிரெஞ்சில் ஒருவர் முழங்கினார். அந்த நாளைய வீரர்களில் ஒருவன் என்னிடம் வந்து இது என்ன ஊர் என்று கேட்டான். உன் நெஞ்சில் எழுதியிருக்கிறது என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

அம்மா என்னைக் கம்போடு கண்டுவிட்டார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கைப்பையும் கையுமாக, தடுப்பைத் தாண்டி வந்தார். மாமா முந்திக்கொண்டு ஓடி, மார்க் என்றால் என்ன என்பதை அப்போதுதான் விளக்கினார். நின்ற இடத்திலேயே துள்ளி, இல்லாத பந்தைப் பிடித்துக் காட்டினார். இனி வீடு போய்ச் சேரும்வரை அர்ச்சனைதான் என்று நினைத்தேன். அம்மா முழுவதையும் கேட்டார். எல்லாரையும் விடக் கூட எடுத்தவள் என்று நீதானே சொன்னாய் என்று கேட்டார். மாமா ஓம் என்றார். அம்மா தொப்பிக்காரர் பக்கம் திரும்பினார். அம்மாவுக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும், கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளை பார்க்கிற வேலை. ஆனாலும் தமிழில்தான் கேட்டார்.

"மார்க் எடுத்த பிள்ளையை ஏன் கம்பு பிடிக்க விட்டனீங்கள்?"

தொப்பிக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா, பிள்ளைக்கு ஞாபகமாக ஏதாவது தரமுடியுமா என்று அக்கா கேட்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மனிதர் குளிர்ந்துபோய் ஒரு தொப்பியை எடுத்து என் கையில் தந்தார். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி, மரியாதையாக, அவர் கையிலேயே திருப்பி வைத்தார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தார். மாமிமார் கட்லட் பெட்டிகளோடு பின்னால் ஓடிவந்தார்கள்.

மஞ்சள் வழித்தட மெட்ரோவில் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். எனக்கு அவர் மேல்தான் ஆத்திரம். அத்தனை பேருக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டார், இவ்வளவு விளக்கிய பிறகும் மார்க்கென்றால் சோதனை மார்க் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று யன்னல் பக்கம் திரும்பி இருந்தேன். அடுத்த நாள் கம்பங்களைப் பிடுங்கிவிட்டார்கள். மாமா பந்துகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினார். வருசா வருசம் வருவோம் என்றவர்கள் பிறகு வரவேயில்லை. ஒரு பந்தையாவது விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கியபிறகு, அம்மாவோடு கார்டெரியில் இருந்த ஒரு மாமி பேச்சுவாக்கில் சொன்னார். அந்தப் போட்டி நடந்த வருசம், கோடைக்கு முன்னமே, அம்மா பின்னேர வகுப்புக்குப் போய், சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாகிற படிப்பைப் பிரெஞ்சில் முடித்தவர். வகுப்பில் அவர்தான் முதல். எங்களிடம் பாஸ் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். என் மார்க்கைக் கோயில் வாசலில் ஊருக்கெல்லாம் சொன்னவர் தன் மார்க்கை வீட்டுக்குள்கூடச் சொல்லவில்லை. பூங்காவுக்குக் கூட்டிப்போகும்போது கார்டெரிக் குஞ்சுகள் ஒரு நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போவார்கள். கயிற்றின் முன்னுக்கு நடப்பவர் ஆசிரியை. படிப்பை முடித்த பிறகும் அம்மாவை ஒவ்வொரு வருசமும் கயிற்றின் வால் பிடிக்கத்தான் விட்டார்களாம். முன்னால் விடும்படி அவர் ஒருநாளும் வாய்திறந்து கேட்டதில்லையாம்.

அன்று அந்த மைதானத்தில் அம்மா எனக்காக மட்டும்தான் சண்டை பிடித்தார் என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.